எரிந்த வீட்டுக்கு எந்த விதி? அமெரிக்க மண்டலச் சட்டத்தில் விதித்தளர்வும் மறுகட்டுமான உரிமையும்

1. கேள்வி

அமெரிக்காவில் ஒரு வீடு தீயில் எரிந்துபோனால், உரிமையாளர் காப்பீட்டுப் பணத்தை வாங்கி அதே மனையில் அதே வீட்டைத் திரும்பக் கட்டிக்கொள்வார் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பழைய குடியிருப்புகளில் காரியம் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. வீடு 1925இல் கட்டப்பட்டிருக்கும். ஊரின் மண்டல விதி, அதாவது எங்கே எதை எந்த அளவில் கட்டலாம் என்ற சட்டம், அதற்குப் பிறகு வந்திருக்கும்; வந்த பிறகும் பலமுறை மாறியிருக்கும். எல்லையிலிருந்து மூன்றடி தள்ளி நின்ற பக்கச் சுவருக்கு இன்றைய விதி பத்தடி கேட்கும். மனையின் குறைந்தபட்ச அகலம், கூரையின் உயரம், கார் நிறுத்துமிடம் என்று ஒவ்வொன்றிலும் பழைய வீடு விதிக்கு வெளியே நிற்கும். வீடு நின்றவரை அதை யாரும் கேட்கவில்லை. எரிந்த மறுநாளிலிருந்து கேட்கிறார்கள்.

அப்போது உரிமையாளர் போய் நிற்கும் இடம் ஊரின் மண்டல மேல்முறையீட்டு வாரியம். அவர் கேட்பது விதித்தளர்வு: இந்த மனைக்கு மட்டும் விதியைச் சற்று விலக்கிக் கொடுங்கள் என்ற விண்ணப்பம். தீயில் வீடிழந்தவரை இந்த வரிசையில் நிறுத்துவது சட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்துகிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பொருந்தவில்லை என்பது என் வாதம். நிலத்தின் குறைக்காக ஏற்பட்ட ஒரு பரிகாரத்தை மனிதருக்கு நேர்ந்த விபத்துக்குப் பயன்படுத்துகிறோம். அதனால் தகுதியுள்ளவர் தோற்கிறார்; அல்லது வாரியம் சட்டத்தை வளைத்து அவரை ஜெயிக்க வைக்கிறது.

2. விதித்தளர்வு எதற்காகப் பிறந்தது

அமெரிக்காவில் ஒரு நகரம் முழுவதற்குமான முதல் விரிவான மண்டல விதி நியூயார்க்கில் 1916இல் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் கீழ் மன்ஹாட்டனில் எழுந்த எக்விட்டபிள் கட்டடம் சுற்றுத் தெருக்களின் வெளிச்சத்தை மறைத்த விவகாரம் அதற்கு ஓர் உடனடித் தூண்டுதல். விதியை வகுத்தவர்களுக்கு, குறிப்பாக 'மண்டலச் சட்டத்தின் தந்தை' எனப்படும் எட்வர்ட் பாசெட் போன்றோருக்கு, ஒரு பயம் இருந்தது. எங்கோ ஒரு கோணல் மனையில் விதி அநியாயமாக விழுந்து, அந்த ஒரு வழக்கில் நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்துக்கு விடையாகவே வாரியம் பிறந்தது. அமெரிக்கச் சட்ட எழுத்துகள் விதித்தளர்வைப் பாதுகாப்பு வால்வு என்று குறிப்பிடுவது இதனால்தான்.

ஹெர்பர்ட் ஹூவர் வணிகத்துறைச் செயலராக இருந்தபோது 1920களில் அத்துறை வெளியிட்ட மாதிரி மண்டலச் சட்டம் இந்த ஏற்பாட்டை நாடெங்கும் கொண்டுசென்றது. தனிப்பட்ட சூழ்நிலை காரணமாக விதியை எழுத்துப் பிசகாமல் அமல்படுத்தினால் தேவையற்ற கஷ்டம் விளையும் என்றால், பொதுநலனுக்குக் கேடில்லாமல், விதியின் உட்கருத்து சிதையாமல் வாரியம் தளர்வு தரலாம் என்பது அதன் சாரம். 1926இல் யூக்ளிட் கிராம வழக்கில் உச்ச நீதிமன்றம் மண்டல அதிகாரம் செல்லும் என்று தீர்ப்பளித்ததும் இந்த மாதிரி வேகமாகப் பரவியது.

'தேவையற்ற கஷ்டம்' யாருடையது என்பதில்தான் முடிச்சு இருக்கிறது. கலிபோர்னியாவின் அரசுச் சட்டத் தொகுப்பு, பிரிவு 65906, மனையின் அளவு, வடிவம், மேடுபள்ளம், அமைவிடம், சுற்றுப்புறம் போன்ற தனிச்சூழ்நிலைகளால், அக்கம்பக்கத்து மனைகளுக்குள்ள சலுகை இந்த மனைக்கு இல்லாமல் போகிறதா என்று கேட்கிறது. மாசசூசெட்ஸின் 40ஏ அத்தியாயம் மண்ணின் தன்மை, நிலம் அல்லது கட்டடத்தின் வடிவம், நிலத்தின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றையே எண்ணுகிறது. அந்தக் குறை வட்டாரம் முழுவதற்கும் பொதுவாக இருக்கவும் கூடாது. நியூயார்க் மாநிலமோ அளவு சார்ந்த தளர்வுகளில் சற்று நெகிழ்கிறது. அங்கே விண்ணப்பதாரருக்குக் கிடைக்கும் நன்மையையும் சுற்றுப்புறத்துக்கு வரும் பாதிப்பையும் ஐந்து அம்சங்களில் எடைபோடுகிறார்கள்.

நிலத்தின் மேல் இவ்வளவு அழுத்தம் வைத்ததற்கு நல்ல காரணம் உண்டு. விதித்தளர்வு மனையோடு ஒட்டிக்கொள்வது. வீட்டை விற்றாலும் அடுத்தவருக்குப் போகும். இன்றைய உரிமையாளரின் நோயையோ கடனையோ துக்கத்தையோ காரணமாகக் கொண்டு நிரந்தரச் சலுகை தரக்கூடாது என்பது தர்க்கம். இந்தத் தர்க்கத்தின் முன் தீ என்னவாகிறது என்று பாருங்கள். மின்கசிவால் எரிந்த வீட்டின் மனை, எரியாத பக்கத்து மனையைப் போலவே நாற்பதடி அகலம், சமதரை. அதில் தனிச்சூழ்நிலை எதுவும் இல்லை. கஷ்டத்தை அவர் தானே வரவழைத்துக்கொள்ளவில்லை என்பது உண்மை. ஆனால் அது ஒரு தடையை நீக்குகிறதே ஒழிய, நிலம் தனிப்பட்டது என்ற நிபந்தனையை நிறைவேற்றுவதில்லை. சட்டத்தை ஒழுங்காகப் படித்தால் மிகத் தெளிவான பாதிப்புள்ளவர்தான் மிக எளிதில் தோற்கிறார்.

கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1974இல் டோபாங்கா வழக்கில் இதை இன்னும் இறுக்கியது. சான்றுகளிலிருந்து முடிவுக்கு எப்படி வந்தோம் என்பதை வாரியம் எழுத்தில் காட்ட வேண்டும். திட்டத்தின் நல்ல அம்சங்களைப் பட்டியலிடுவது போதாது. இந்த மனை மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற ஒப்பீடு வேண்டும் என்றது. தயவு தாராளமாகக் கிடைக்கும் வாரியங்களைக் கட்டுப்படுத்தச் சொன்ன நியாயமான தீர்ப்பு அது. தீயில் இழந்தவருக்கோ, அந்த ஒப்பீட்டில் சொல்ல எதுவும் இருப்பதில்லை.

3. விதிக்கு முந்திய கட்டடங்களும் எதிர்பார்க்கப்பட்ட தீயும்

இந்தப் பொருத்தமின்மை தற்செயலாக வந்ததல்ல. மண்டல விதி வந்தபோது ஏற்கெனவே நின்ற கட்டடங்களை என்ன செய்வது என்ற கேள்வியில் முன்னோடிகள் ஒதுங்கியே போனார்கள். இடிக்கச் சொன்னால் நீதிமன்றம் தடுக்கும். 1930இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம், இயங்கிக்கொண்டிருந்த தனியார் மனநல விடுதிகளைக் குடியிருப்புப் பகுதியிலிருந்து உடனே அகற்ற முயன்றபோது, கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தடுத்தது. ஆகவே சமரசம் ஒன்று உருவானது. பழையது இருக்கலாம், பெருகக்கூடாது, கைவிட்டால் உரிமை போகும், பெருமளவு அழிந்தால் திரும்ப எழக்கூடாது. காலப்போக்கில் எல்லாம் தானாக மறையும் என்று எதிர்பார்த்தார்கள். மறையவில்லை. போட்டி இல்லாத இடத்தில் தனி உரிமை பெற்ற பழைய கடைகள் செழிக்கவே செய்தன. பின்னர் 1954இல், குடியிருப்புப் பகுதியில் நடந்த பிளம்பிங் வியாபாரத்துக்கு ஐந்தாண்டு அவகாசம் கொடுத்து மூடச் சொல்லலாம் என்று அதே மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது.

விதிக்கு ஒவ்வாத கட்டடங்கள் ஒழியும் என்று சட்டம் நம்பியிருந்த வழிகளில் ஒன்று தீ என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். வீடுகளுக்கு நடுவே நிற்கும் தொழிற்கூடத்தை மனத்தில் வைத்து எழுதிய வாசகம் அது. அதே வாசகம், பக்கச் சுவர் ஏழடி முன்னால் நிற்பது ஒன்றே குற்றமான குடும்ப வீட்டின் மேலும் விழுகிறது. பயன்பாட்டில் ஒவ்வாதது வேறு, அளவில் ஒவ்வாதது வேறு. முன்னதில் அயலாருக்கு நாள்தோறும் தொல்லை உண்டு. பின்னதில் பெரும்பாலும் எவருக்கும் ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளும் அதே காலத்தில், அதே அளவில் கட்டப்பட்டவையே.

4. சதவீதக் கணக்கு

பெருமளவு அழிந்தது என்பதைப் பல ஊர்கள் சதவீதத்தில் சொல்கின்றன. 50 சதவீதம் பரவலான வரம்பு. சில இடங்களில் 75 வரை போகும். எதில் சதவீதம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மனை நீங்கலாகப் பழைய வீட்டின் சந்தை மதிப்பு 3,00,000 டாலர். அதே வீட்டைப் புதிதாகக் கட்ட 5,00,000 ஆகும். சேதத்தைச் சரிசெய்ய 2,00,000 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சந்தை மதிப்பை அடியாகக் கொண்டால் சேதம் 67 சதவீதம். மறுகட்டுமானச் செலவை அடியாகக் கொண்டால் 40. முதல் ஊரில் வீடு செத்தது. இரண்டாவது ஊரில் பிழைத்தது.

இதே மதிப்பீடு இரண்டு மேசைகளுக்குப் போகிறது என்பதே இதில் கொடுமை. காப்பீட்டு நிறுவனத்தின் முன் சேதம் பெரிது என்று உரிமையாளர் நிறுவ வேண்டும். நகராட்சியின் முன் அது சிறிது என்று நிறுவ வேண்டும். காப்பீட்டில் முழுச் சேதம் என்று எழுதி வாங்கிய காகிதம் கட்டட ஆய்வாளரின் கோப்பில் அவருக்கு எதிராக அமர்ந்துகொள்ளும். விதிமாற்றத்தால் கூடும் செலவுக்கென்று வீட்டுக் காப்பீட்டில் ஒரு பிரிவு உண்டு. பரவலான வடிவத்தில் அது வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதம் மட்டுமே. பத்தடி உள்ளே தள்ளி, புது அடித்தளம் போட்டு, வேறு வரைபடத்தில் கட்டச் சொன்னால் அந்தத் தொகை எந்த மூலைக்கும் காணாது.

வெள்ள அபாயப் பகுதியில் இதற்கு மேல் ஒரு சுற்று உண்டு. கூட்டாட்சி வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின்படி, பழுதுச் செலவு சந்தை மதிப்பில் 50 சதவீதத்தைத் தொட்டால் வீடு இன்றைய வெள்ள விதிக்கு உட்பட வேண்டும். சேதம் எதனால் வந்தது என்று அந்த விதி கேட்பதில்லை. நெருப்பில் போன வீட்டை வெள்ளத்துக்காக உயர்த்திக் கட்டச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் உயிர்காப்பு சார்ந்த விதி என்பதால் அதன் தரப்பில் நியாயம் இருக்கிறது. இந்த வேறுபாட்டுக்குப் பின்னர் வருகிறேன்.

5. விசாரணை அறை

மாசசூசெட்ஸை எடுத்துக்கொண்டு நடைமுறையை அருகிலிருந்து பார்க்கலாம். வழக்கமாக முதலில் கட்டட ஆய்வாளர் அனுமதி மறுப்பார். பிறகு நில அளவையாளர் முத்திரையிட்ட மனைப்படத்தோடு வாரியத்துக்கு விண்ணப்பம். உள்ளூர்ச் செய்தித்தாளில் அடுத்தடுத்த இரு வாரங்கள் அறிவிப்பு வர வேண்டும். முதலாவது, விசாரணைக்கு 14 நாளாவது முன்னதாக. எல்லையை ஒட்டியவர்களுக்கும், 300 அடிக்குள் அவர்களை அடுத்துள்ளவர்களுக்கும் தபால். விண்ணப்பத்திலிருந்து 65 நாளுக்குள் விசாரணை, 100 நாளுக்குள் முடிவு. ஐந்து பேர் வாரியத்தில் நால்வரின் சம்மதம் வேண்டும். மூவர் வாரியமென்றால் மூவருடையதும் வேண்டும். முடிவு நகர எழுத்தரிடம் பதிவான பிறகு 20 நாள் மேல்முறையீட்டுக் காலம். பிறகு பத்திரப் பதிவு. அதன் பின்னும் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் தளர்வு காலாவதி. ஆறு மாதம்வரை நீட்டிக்கலாம். இத்தனைக்கும் நடுவே குடும்பம் வாடகை வீட்டில் இருக்கும். அந்த வாடகைக்குக் காப்பீடு தரும் பணத்துக்கும் ஒரு முடிவு உண்டு.

விசாரணையில் அயலார் எழுந்து சொல்வது பெரும்பாலும் தீயைப் பற்றி இருக்காது. கடல் தெரிகிறதா, தெருவில் கார் நிறுத்த இடம் இருக்கிறதா, புது வீடு எத்தனை மாடி என்பவைதான் பேச்சு. ஒருவர் மேல்முறையீடு செய்தாலே போதும், வேலை நின்றுவிடும்.

வாரியங்கள் இந்தச் சங்கடத்தை எப்படிச் சமாளிக்கின்றன? ஜெஸ்ஸி டுக்மினியரும் கிளைட் ஸ்டேபிள்டனும் 1962இல் கென்டக்கியின் லெக்சிங்டன் நகர வாரியத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, தலைப்பிலேயே அதைக் கோணலாட்சி என்று குற்றம் சாட்டியது. சட்டம் கேட்கும் கஷ்டம் நிறுவப்படாமலே தளர்வுகள் வழங்கப்படுகின்றன என்பது அத்துறை ஆய்வாளர்கள் பலர் தொடர்ந்து சொல்லிவரும் குறை. அந்தக் குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் வேரில் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. சட்டப்படி மறுக்க வேண்டிய, மனசாட்சிப்படி மறுக்க முடியாத விண்ணப்பங்களைத் தொடர்ந்து அனுப்பினால் எந்த வாரியமும் சட்டத்தை மறந்து தயவைப் பழகிக்கொள்ளும்.

மாசசூசெட்ஸே இதற்கு வேறொரு கதவையும் வைத்திருக்கிறது. 40ஏ அத்தியாயத்தின் ஆறாம் பிரிவு, ஒன்றிரண்டு குடும்பங்களுக்கான பழைய வீடுகளைத் திரும்பக் கட்டுவது ஒவ்வாமையைக் கூட்டவில்லை என்றால் விதித்தளர்வு கேட்பதில்லை. கூட்டினாலும், சுற்றுப்புறத்துக்கு முன்பைவிடக் குறிப்பிடத்தக்க கேடு இல்லை என்று வாரியம் கண்டால் போதும். புரூக்லைன் நகர வழக்கொன்றில், அதற்கு மேல் உள்ளூர் விதிப்படி தனியாக விதித்தளர்வு கேட்கக்கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதிசெய்தது. ஆகவே நல்ல வழக்கறிஞரை வைத்துக்கொள்ள முடிந்தவர் இந்தக் கதவைத் தட்டுகிறார். முடியாதவர் விதித்தளர்வுப் படிவத்தை நிரப்புகிறார்.

6. ஊரே எரிந்தால்

2025 ஜனவரி 7ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பற்றிய பாலிசேட்ஸ், ஈட்டன் தீக்களில் 16,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. தீ முழுதும் அணையும் முன்பே, ஜனவரி 12 அன்று, ஆளுநர் கேவின் நியூசம் மறுகட்டுமானத்துக்கு மாநிலச் சுற்றுச்சூழல் ஆய்வுச் சட்டத்தையும் கடற்கரைச் சட்டத்தையும் நிறுத்திவைத்தார். முந்திய கட்டடத்தின் இடத்திலேயே, தரைப்பரப்பிலும் உயரத்திலும் 110 சதவீதத்துக்கு மிகாமல் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. மறுநாள் மேயர் கேரன் பாஸ் அதே அளவுகோலை நகரத்துக்கும் அறிவித்து, அனுமதிகளை 30 நாளுக்குள் முடிக்கச் சொன்னார். பாலிசேட்ஸில் அந்த அளவுக்குள் கட்ட விரும்பிய பழைய வீட்டுக்காரர் எவரும் தம் மனை தனிப்பட்டது என்று நிறுவ வேண்டியிருக்கவில்லை.

அந்த 10 சதவீதம் பேரிடர் நாளில் கண்டுபிடித்ததல்ல. 1976ஆம் ஆண்டின் கலிபோர்னியக் கடற்கரைச் சட்டத்தில், பேரிடரில் அழிந்த கட்டடத்துக்கு அனுமதி விலக்கு தரும் உட்பிரிவில் அதே வரம்பு இருக்கிறது. அந்த உட்பிரிவு நடப்பு மண்டல விதிக்கு இணங்கவும் சொல்கிறது. அதாவது மாநிலம் ஒரு கையால் கொடுத்து மறுகையை மண்டல விதியின் மேல் வைத்திருந்தது. பல குடும்பங்கள் வாழும் கட்டடங்களுக்கோ, இன்னும் தெளிவான உரிமையை அரசுச் சட்டத் தொகுப்பின் பிரிவு 65852.25 தருகிறது. தீயில் அழிந்த அடுக்கு வீட்டைத் திரும்பக் கட்டுவதை உள்ளூராட்சி சில விதிவிலக்குகளைத் தவிர்த்துத் தடுக்கக்கூடாது. அங்கே தீ ஊரை எரித்ததா, ஒரு கட்டடத்தை மட்டும் எரித்ததா என்ற கேள்வி இல்லை.

ஆயிரக்கணக்கானோர் ஒரே பேரிடரில் இழந்தால் கஷ்டம் சொல்லாமலே விளங்குகிறது. ஒருவர் மட்டும் சமையலறைத் தீயில் இழந்தால் அதை நிறுவச் சொல்கிறோம். இழப்பு ஒன்றே; எண்ணிக்கைதான் வேறு. பேரிடர் ஆணைகளின் வேகத்துக்கு நிர்வாகக் காரணம் உண்டு, ஆயிரக்கணக்கான விசாரணைகளை எந்த வாரியமும் நடத்த முடியாது. ஆனால் நடத்தாமலே சரியான முடிவுக்கு வர முடியும் என்பதை அந்த ஆணைகள் ஒப்புக்கொள்கின்றன. அப்படியானால் தனி ஒருவருக்கு மட்டும் விசாரணை எதற்கு?

7. எதிர்வாதம்: இடைவெளியும் உயிரும்

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. எரிந்தது எரிந்தபடி எழுந்தால் மறுபடியும் எரியும். 1991 அக்டோபரில் ஓக்லாந்து மலைத் தீயில் 25 பேர் இறந்தனர். பின்னர் அதே குறுகிய தெருக்களில், முன்பைவிடப் பெரிய வீடுகள் பல எழுந்தன. 2018 நவம்பரில் கேம்ப் தீ பாரடைஸ் நகரில் பரவி 85 உயிர்களைக் கொண்டுபோனது. அந்நகரின் வீடுகளை ஆராய்ந்து நாப் முதலியோர் 2021இல் வெளியிட்ட முடிவின்படி, 1997க்கு முன் கட்டியவற்றில் 11.5 சதவீதமே தப்பின; அதன்பின் கட்டியவற்றில் 38.5 சதவீதம். தப்பியதையும் எரிந்ததையும் பிரித்த முக்கியக் காரணிகளில் ஒன்று, எரிந்த அண்டைக் கட்டடத்துக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த தூரம். அப்படியென்றால் பக்கவாட்டு இடைவெளியை வெறும் அழகு விதி என்று ஒதுக்க முடியாது.

இந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனால் அது விதித்தளர்வு முறைக்கு ஆதரவாக நிற்கவில்லை. வாரியம் கேட்பது மனையின் வடிவத்தை. சுவரின் தீத்தாங்கும் திறனை அல்ல. தீயைக் கேட்கும் விதி வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பில், எல்லைக்கு ஐந்தடிக்குள் வரும் வெளிச்சுவர் பொதுவாக ஒரு மணிநேரம் தீயைத் தாங்க வேண்டும். மூன்றடிக்குள் சன்னலோ வேறு திறப்போ கூடாது. கலிபோர்னியாவின் கட்டட விதியில் 2008இல் நடைமுறைக்கு வந்த 7ஏ அத்தியாயம், காட்டுத்தீ அபாயப் பகுதிகளில் கூரை, காற்றுத் துளை, வெளிச்சுவர்ப் பொருள் ஆகியவற்றுக்குக் கடுமையான தரம் வைத்தது. இரண்டடி தள்ளி நின்ற பழைய மரச்சுவரை இரண்டடியிலேயே, சன்னல் இல்லாமல், தீத்தாங்கும் சுவராகக் கட்டலாம். மனையும் பிழைக்கும், அயலாரும் பிழைப்பார்.

லண்டன் இதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஒருவாறு கண்டுகொண்டது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு கிறிஸ்டோபர் ரென் போன்றோர் தந்த புது நகரத் திட்டங்கள் கைவிடப்பட்டன. மக்கள் பெரும்பாலும் தங்கள் பழைய மனைகளிலேயே கட்டினார்கள். ஆனால் 1667ஆம் ஆண்டு மறுகட்டுமானச் சட்டம் வெளிச்சுவர் செங்கல்லிலோ கல்லிலோ இருக்க வேண்டும் என்றது; சில தெருக்களை அகலமாக்கியது. வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே எழுந்த செலவுத் தகராறுகளைத் தனித் தீ நீதிமன்றம் விரைவாகத் தீர்த்தது. இடத்தில் இளக்கம், பொருளில் கண்டிப்பு: அந்த ஏற்பாட்டின் சாரம் இதுதான்.

8. முடிவு

கிடைக்கும் சான்றுகளை எடைபோட்டால் ஐந்து முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, குடியிருக்கும் வீடு தற்செயலாக அழிந்தால் அதே இடத்தில், அதே பயன்பாட்டில், 10 சதவீதக் கூடுதல் வரம்புக்குள் கட்டும் உரிமையை மாநிலச் சட்டமே தர வேண்டும். அது வாரியத்தின் தயவாக இருக்கக்கூடாது. இரண்டாவது, வீடுகளுக்குச் சதவீத வரம்பு ஒழிய வேண்டும். அது சேதத்தை அளப்பதைவிட மதிப்பீட்டாளரையே அளக்கிறது. மூன்றாவது, தீ, வெள்ளம் சார்ந்த உயிர்காப்பு விதிகள் ஒன்றுவிடாமல் பொருந்த வேண்டும். அந்தக் கூடுதல் செலவுக்குக் காப்பீட்டின் 10 சதவீதப் பிரிவு போதாது என்பதையும் ஒழுங்காணையங்கள் ஏற்க வேண்டும். நான்காவது, மனிதர் வாழவே கூடாத இடமென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி, நியாய விலைக்கு அரசு வாங்கிக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தை நிராகரித்து மறைமுகமாகக் காலிசெய்ய வைப்பது நேர்மையல்ல. ஐந்தாவது, அந்த 10 சதவீத வரம்பைத் தாண்டிப் பெரிதாகக் கட்ட விரும்புவோருக்கு மட்டும் விதித்தளர்வு இருக்கட்டும்; அவர்களிடம் டோபாங்கா தீர்ப்பின் கண்டிப்பு முழுதும் செல்லட்டும்.

இந்த ஐந்தில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. மாசசூசெட்ஸின் ஆறாம் பிரிவிலும், கலிபோர்னியாவின் 65852.25இலும், 2025 ஜனவரி ஆணைகளிலும் அவற்றின் பகுதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பேரிடரில் ஆயிரம் பேருக்குக் கொடுத்ததைச் சாதாரண நாளில் ஒருவருக்கும் கொடுக்கச் சட்டமன்றங்களுக்குத் தடையாக இருப்பது சட்டக் கோட்பாடு எதுவுமல்ல; தனி ஒருவரின் இழப்பு செய்தியாவதில்லை என்பது மட்டுமே.